முதல் என்பிஏ ஆட்டம்: எங்கே உட்காரலாம், எப்போது போகலாம்?

கேள்வி: நானும் என் அப்பாவும் பத்து வயது மகனும் முதல் தடவையாக ஒரு என்பிஏ (வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து) ஆட்டத்தை நேரில் பார்க்கப் போகிறோம். நகர மையத்தில் இருக்கும் உள்ளரங்கம். கூடைக்குப் பின்னால் கீழ் வரிசையிலும், மேல்தளத்தில் ஆடுகளத்தின் நடுவுக்கு நேராகவும் கிட்டத்தட்ட ஒரே விலையில் டிக்கெட் இருக்கிறது. எதை வாங்கலாம்? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

பதில்: இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் மேல்தளம், சந்தேகமே வேண்டாம். ஆனால் அப்பாவின் முழங்காலை நினைத்தால் மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கூடைக்குப் பின்னால் கீழே உட்கார்ந்தால் வீரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள் என்று தோன்றும். கணக்கு அப்படி இல்லை. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன், பாஸ்டனின் டிடி கார்டன், சிகாகோவின் யுனைடெட் சென்டர் எல்லாம் ஐஸ் ஹாக்கி அணிகளுக்கும் சொந்தக் களம். ஹாக்கித் தளத்தின் நீளம் 200 அடி, கூடைப்பந்து ஆடுகளத்தின் நீளம் 94 அடி. சின்னக் களத்தைப் பெரிய களத்தின் நடுவில் போட்டால் இரண்டு முனையிலும் ஐம்பது அடிக்குமேல் காலியாகக் கிடக்கும். அங்கே இழுத்து நீட்டுகிற, கழற்றி மாட்டுகிற இருக்கைகளைப் போட்டு நிரப்புவார்கள். அந்த வரிசைகளில் சாய்வு குறைவு. முன்னால் உயரமான ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போச்சு.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறவன் நான். என் முதல் என்பிஏ ஆட்டத்துக்கு அப்படி ஓர் இடத்தைத்தான் ஆசை ஆசையாக வாங்கினேன். எங்கள் பக்கக் கூடையில் ஆட்டம் நடந்தபோது ஷூ கிறீச்சிடுவது, தடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் கத்துவது எல்லாம் காதில் விழுந்தது, அருமை. பந்து அந்தப் பக்கம் போனதும் பத்து முதுகுகள் மட்டும் தெரிந்தன. நடுவில் கூடையைத் தாங்கும் கம்பம், பலகை, கீழே உட்கார்ந்திருந்த புகைப்படக்காரர்கள். பாதி ஆட்டத்தைத் தலைக்குமேல் தொங்கிய திரையில்தான் பார்த்தேன். அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

மேல்தளத்தின் நடுவிலிருந்து வீரர்கள் சின்னதாகத் தெரிவார்கள், உண்மைதான். ஆனால் கூடைப்பந்தின் அழகு பந்து இல்லாதவர்களின் நகர்வில் இருக்கிறது. ஒருவர் தடுப்பாளரின் வழியில் மரம்போல் நிற்பார், இன்னொருவர் அவரை உரசிக்கொண்டு மூலைக்கு ஓடுவார், பந்து அங்கே வந்து சேரும். வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு, கூடையிலிருந்து மூலையில் 22 அடி, நேர் எதிரே 23 அடி 9 அங்குலம். கிட்டத்தட்ட இரண்டடியான அந்த வித்தியாசத்துக்காகத்தான் எல்லா அணிகளும் மூலையில் ஒருவரை நிறுத்திவைக்கின்றன. மேலிருந்து பார்த்தால் மகனுக்கு இது பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

இப்போது அப்பா. மேல்தளத்தின் படிகள் செங்குத்தானவை, சில இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் சரியாக இருக்காது. அதனால் கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளைத் தேடுங்கள். பெரும்பாலான அரங்கங்களில் கீழ்த்தளத்துக்கான நுழைவு அதன் மேல் விளிம்பில்தான் இருக்கும். வரிசை எண் கூடக்கூட இறங்க வேண்டிய படி குறையும். முன்வரிசை என்று ஆசைப்பட்டு வாங்கினால் இருபது படி இறங்கி, கழிப்பறைக்கு மறுபடி இருபது படி ஏற வேண்டும். பக்கவாட்டின் நடுவில் கிடைக்காவிட்டால் மூலை போதும். மூலையிலிருந்து இரண்டு கூடைகளும் ஓரளவு நன்றாகவே தெரியும், விலையும் இறங்கியிருக்கும். நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பாருங்கள். படியே வேண்டாம் என்றால், நடக்கச் சிரமப்படுபவர்களுக்கென்று தனி இருக்கைகளும் கூட வருபவருக்கு இடமும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே அந்தப் பிரிவில் தேட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. மகன் குறிப்பிட்ட ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கத்தான் வருகிறான் என்றால் அந்த அணியின் அட்டவணையைப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் ஆட்டம் இருந்தால் இரண்டாவது இரவு பெரிய ஆட்டக்காரர்கள் ஓய்வெடுப்பது சகஜம். யார் காயம், யார் ஆடமாட்டார் என்ற பட்டியலை அணிகள் முந்தைய நாள் மாலை 5 மணிக்குள் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த இரவு ஆட்டம் என்றால் அன்றே மதியம் 1 மணிக்குள். அதைப் பார்த்துவிட்டு மறுவிற்பனையில் வாங்கினால் ஏமாற்றம் குறையும்.

நேரத்துக்கு வருவோம். டிக்கெட்டில் 7 மணி என்று போட்டிருந்தால் நடுவர் பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடங்க எப்படியும் 7:10 ஆகிவிடும். அதை நம்பித் தாமதிக்காதீர்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன், சில இடங்களில் ஒன்றரை மணி நேரத்துக்கு முன். காரணம் கூட்டம் மட்டுமல்ல. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். நட்சத்திர வீரர் ஸ்டெஃபன் கரி ஆடும் நாட்களில் அவர் பந்து போட்டுப் பழகுவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் சீக்கிரம் வந்து நிற்கும். இசை, விளக்கு, அறிவிப்பாளர் எதுவும் இல்லாமல் வலையில் பந்து விழும் சத்தத்தை அப்போதுதான் கேட்க முடியும். பிறகு விளக்கை அணைத்து வீரர்களை அறிமுகம் செய்யும்போது காதைப் பிளந்துவிடும். அப்பாவுக்கும் மகனுக்கும் காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள்.

டிக்கெட் போனில்தான் வரும். பட்டைக்குறி மாறிக்கொண்டே இருப்பதால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. வாசலில் ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் போனைத் திறப்பார்கள், நெட்வொர்க் திணறும். வீட்டிலேயே போனின் வாலெட்டில் சேர்த்துவிடுங்கள். பை வேண்டாம். அளவு விதி அரங்கத்துக்கு அரங்கம் மாறும், வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை. பல இடங்களில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு இருக்கட்டும். காரை விட ரயில் நல்லது. மேடிசன் ஸ்கொயர் கார்டன் பென் ஸ்டேஷனுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது, டிடி கார்டன் நார்த் ஸ்டேஷனுக்கு மேலே.

ஆட்டம் 12 நிமிடக் குவார்ட்டர் நான்கு, கடிகாரப்படி 48 நிமிடம். ஆனால் எழுந்திருக்க இரண்டே கால் மணி நேரத்துக்குமேல் ஆகும். இடைவேளை 15 நிமிடம்தான், கழிப்பறை வரிசையிலேயே அது போய்விடும். ஒவ்வொரு குவார்ட்டரிலும் மீதி நேரம் 7 நிமிடத்துக்குக் கீழே வந்ததும் ஒன்று, 3 நிமிடத்துக்குக் கீழே ஒன்று என்று ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் கட்டாய டைம் அவுட் உண்டு. இரண்டாம் குவார்ட்டரின் முதல் டைம் அவுட்டில் அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்பினால் நிதானமாகத் திரும்பிவிடலாம்.

முடிந்ததும் அவசரப்பட்டு எழுந்திருக்காதீர்கள். படிகளில் கூட்டம் வடியும்வரை உட்கார்ந்திருங்கள். மறுநாள் ஹாக்கி இருக்கும் அரங்கம் என்றால் மகனுக்கு ஒரு வேடிக்கையும் கிடைக்கலாம். அத்தனை நேரம் வீரர்கள் ஓடிய மரத் தளத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி வண்டியில் அடுக்குவார்கள். அதற்கடியில் பலகை, பலகைக்கடியில் உறைந்த ஐஸ்.