ஒரே அறையில் கிடக்கும் இரும்பும் மரமும்: இரும்பு மட்டும் ஏன் சில்லென்று இருக்கிறது?

இரவு முழுவதும் ஒரே அறையில் கிடந்த இரும்புத் தகட்டையும் மரப்பலகையையும் தொட்டால் இரும்பு மட்டும் குளிர்கிறதே, அதன் வெப்பநிலை குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைவில்லை. வெப்பமானியை இரண்டின் மீதும் மாறி மாறி வைத்துப் பொறுமையாகப் பாருங்கள். ஒரே அளவைத்தான் காட்டும்.

நம் தோல் வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. கையிலிருந்து எவ்வளவு விரைவாக வெப்பம் வெளியேறுகிறதோ, அதற்கேற்பத் தோலின் சூடு குறைகிறது. அதைத்தான் குளிர்ச்சியாக உணர்கிறோம். அறையைவிடக் கை சூடானது என்பதால் வெப்பம் இரண்டுக்குள்ளும் பாய்கிறது. மரத்தைவிடச் சில நூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் இரும்பு, வாங்கிய வெப்பத்தைத் தொட்ட இடத்திலேயே தேங்கவிடாமல் தகடு முழுவதும் பரப்பிவிட்டு மேலும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. மரத்திலோ தொட்ட இடம் சட்டென்று கையின் சூட்டை நெருங்கிவிட, பாய்ச்சலும் தளர்ந்துவிடுகிறது. இரண்டையும் 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் கதை தலைகீழாகி, அதே இரும்புதான் கையைச் சுடும்.

மாணவப் பருவத்தில் எனக்கும் இந்த விளக்கம் மனத்தில் ஒட்டவில்லை. ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளை எடுத்து, ஒன்றைத் தகட்டிலும் மற்றொன்றைப் பலகையிலும் வைத்த பிறகுதான் ஒட்டியது. குளிர்ந்ததாகத் தோன்றிய தகட்டின் மேல் வைத்தது உடனே அடியில் நீர் கசிந்து வழுக்கத் தொடங்கியது; பலகையின் மேல் இருந்தது விளிம்புகூட மழுங்காமல் நின்றது. கைக்குக் குளிர்ச்சியாகப் பட்ட இரும்புதான் பனிக்கட்டியை விரைவாக உருக்கியது!

இந்தக் குழப்பத்தின் வேர் சொற்களில் இருக்கிறது என்பது என் கருத்து. ‘பொருளில் வெப்பம் இருக்கிறது’ என்று பேசிப் பழகிவிட்டோம். பொருளில் இருப்பது அதன் துகள்களின் அசைவிலும் பிணைப்பிலும் அடங்கிய அக ஆற்றல். வெப்பநிலை வேறுபாட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும்போதுதான் அந்த ஆற்றலுக்கு வெப்பம் என்று பெயர். பாயும் திசையைத் தீர்மானிப்பது வெப்பநிலை. சாணைச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஒரு மில்லிகிராம் இரும்புப் பொறி 1000 டிகிரி குளிர்ந்தாலும் ஏறத்தாழ அரை ஜூல் ஆற்றலைத்தான் கொடுக்கும். ஒரு லிட்டர் வெந்நீர் 25 டிகிரி குளிரும்போது ஒரு லட்சம் ஜூலுக்கு மேல் வெளியிடுகிறது.

வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர், 18ஆம் நூற்றாண்டில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோசப் பிளாக். உருகும் பனிக்கட்டி வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருந்தும் அதன் வெப்பநிலை ஏறாததை அவர் கவனித்தார். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். உருகிய அதே நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமான ஆற்றல் அது; ஆனால் உருகி முடியும்வரை வெப்பமானி 0 டிகிரியைவிட்டு நகராது, ஏனெனில் அவ்வளவும் மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்துவதிலேயே செலவாகிறது.

என் தகட்டின் மேல் இருந்த பனிக்கட்டியும் அந்த ஆற்றலின் பெரும்பகுதியை இரும்பிலிருந்தே எடுத்துக்கொண்டது. அது உருகி முடிந்தவுடன் நீரைத் துடைத்துவிட்டு அங்கே வெப்பமானியை வைத்துப் பாருங்கள்: இப்போது இரும்பு உண்மையாகவே குளிர்ந்திருக்கும்.