சித்திரை வருசத்துக்குக் கூத்துப்பாட்டு, பைலா (இலங்கை ஆட்டப் பாட்டு), சினிமாப் பாட்டு எல்லாம் கலந்து போட்டால் ஒட்டமாட்டேன் என்கிறது. எப்படி அடுக்குவது?

கலவையில் பிழையில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது பிடிக்கிற இடத்தில் தாளம் முறிகிறது, சத்தம் ஏறி இறங்குகிறது. இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

மொழியை வைத்து அடுக்காதீர்கள், தொடையில் தட்டிப் பார்த்து அடுக்குங்கள். ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாக விழுந்தால் ஒரு கூட்டம், ‘தகதிமி’ என்று நாலாக விழுந்தால் மறு கூட்டம். மட்டக்களப்புப் பறங்கியர் (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தோர்) வயலின் வைத்து ஆடும் கஃப்ரிஞ்ஞா, அந்த வழியில் வந்த பைலா, தமிழ்நாட்டு டப்பாங்குத்து எல்லாம் பெரும்பாலும் மூன்றின் நடைதான். அதனால்தான் சிங்களப் பைலா முடிந்த கையோடு தமிழ்க் குத்துப்பாட்டு வந்தாலும் ஆடுகிற கால் தடுமாறுவதில்லை. வேகம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கட்டும். மூன்றிலிருந்து நாலுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் தாளமில்லாத ஒரு விருத்தத்தைப் போடுங்கள், ஒரு நிமிடம் காணும். கூத்திலும் தருக்கள் என்னும் தாளப் பாட்டுகளுக்கு இடையில் விருத்தம் வருகிறதே, அதே வேலைதான்.

கூத்தின் இரு வகைகளான வடமோடி, தென்மோடிப் பதிவுகள் நீளமானவை. 3, 4 நிமிடமாக வெட்டுங்கள். ஆனால் அடியின் நடுவில் வெட்டினால் மத்தளம் அந்தரத்தில் நிற்கும். தாளக்கட்டு முடிந்து, கூத்தை நடத்தும் அண்ணாவியார் தீர்மானம் (முடிப்பு அடி) வைக்கிற இடம் வரை விட்டு வெட்டுங்கள். பாட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் ‘கிராஸ்ஃபேட்’ வசதியை நிறுத்திவிடுங்கள். இரண்டு நடை மூன்று விநாடி மோதினாலே காது கசக்கும்.

இனிச் சத்தம். புதுப் பாட்டுகளை முழுக்க அமுக்கி ஒரே உரப்பில் வைத்திருப்பார்கள், பழைய பதிவுகளில் மெல்லியதும் உரத்ததும் அப்படியே இருக்கும். பழையதைக் கூட்டினால் உச்சம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும், ஆகவே புதியதைக் குறையுங்கள். எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருளில் அளவை 89 டெசிபெலில் விட்டு, பாட்டுப் பாட்டாகச் சமப்படுத்தலாம். அது 1.5 டெசிபெல் படிகளாக மாற்றும், ஒலியின் தரம் கெடாது, வேண்டாமென்றால் பழையபடி ஆக்கலாம்.

ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாட்டு என்று கணக்கு வையுங்கள். மருத்துநீர் வைத்துக் கோயிலுக்குப் போகிற நேரத்தில் நாதஸ்வரமும் தேவாரமும் மட்டும், அதுவும் மெல்லமாக. ஆட்டப் பாட்டுக்குப் பின்னேரம்தான் பொருத்தம். ஸ்பீக்கரை விறாந்தை மூலையில் தள்ளி வைத்தால் அடித்தொனி குமுறிச் சொற்கள் கேட்காது, சுவரை விட்டு இரண்டு மூன்று அடி முன்னே எடுங்கள். பாட்டுகளைப் போனில் இறக்கி, விமானப் பயன்முறையில் போட்டு, வயரால் கொடுங்கள். அழைப்பு வருகிறபடி விட்டால், வாழ்த்துச் சொல்ல வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் பாட்டு நின்றுபோகும். இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அம்பாறைப் பக்கம் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்கள் பெரிய றபான் என்னும் தோல் மேளத்தைச் சுற்றி இருந்து அடிப்பார்களென்றால் அந்த அரை மணித்தியாலம் ஸ்பீக்கரை நிறுத்துங்கள், எந்தப் பதிவும் அதற்கு ஈடாகாது. ஈரக்காற்றில் தோல் தொய்ந்தால் ஓசை மந்தமாகும். தணல் சட்டியின் மேல் கை தாங்குகிற சூட்டில் காட்டி, இடைக்கிடை தட்டிப் பார்த்து, ‘டங்’ என்று வந்ததும் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தோல் போட்ட றபானை மட்டும் நெருப்புக்கிட்டக் கொண்டுபோகாதீர்கள், சுருங்கிவிடும்.