444 பேரும் ஒரு கணக்கு வாத்தியாரும்

அன்புள்ள ஐயா,

தடுப்பூசிக்குத் தயங்குகிறவர்களைப் பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒரு கேள்வி. 2020இல் சென்னையில் கொரோனாவில் செத்தவர்களில் 444 பேரைக் கணக்கில் காட்டாமல் விட்டது நம் சுகாதாரத் துறை. மறு வருடம் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மயங்கி விழுந்தபோது, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னதும் அதே துறை. அங்கே மறைத்தவர்கள் இங்கே உண்மை சொல்வார்கள் என்று எப்படி நம்புவது? என் அப்பா இன்றுவரை ஒரு டோஸ்கூடப் போடவில்லை. தயவுசெய்து அவரை அறியாமையில் இருப்பவர் என்று எழுதிவிடாதீர்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

செல்வகுமார்
விருத்தாசலம்

அன்புள்ள செல்வகுமார்,

உங்கள் அப்பா கேட்பது நியாயமான கேள்வி. போன வாரம் நான் எழுதியதில் கொஞ்சம் இளக்காரத் தொனி இருந்தது, திரும்பப் படித்தபோது எனக்கே தெரிந்தது. மன்னிக்கவும்.

அந்த 444 எப்படி வெளியே வந்தது என்று நினைவிருக்கிறதா? 2020 ஜூனில் மாநில சுகாதாரத் துறை தினமும் மாலையில் வெளியிட்ட அறிக்கையில் ஓர் எண் இருந்தது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் வேறோர் எண் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள், இருநூறுக்கும் மேல் இடித்தது. பிறகு குழு போட்டு, மார்ச் 1 முதல் ஜூன் 10 வரையிலான சாவுகளைத் திரும்பப் பார்த்து, ஜூலை 22 அன்று 444 பேரைப் பட்டியலில் ஏற்றினார்கள். இடையில் சுகாதாரச் செயலாளரும் மாறிவிட்டார். நடந்தது மறைப்பு அல்ல, தகவல் வந்து சேர்வதில் குழப்பம் என்பது அரசுத் தரப்பு விளக்கம். எனக்கு அது போதவில்லை. குழப்பத்தில் எண் சில நாள் கூடியும் சில நாள் குறைந்தும் அல்லவா போகும்? நம் நாட்டில் அது எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்ந்தது. மும்பையில் அதே ஜூனில் 862 பேரைச் சேர்த்தார்கள். பீகாரில் மறு வருடம் 5,458 என்று இருந்த எண் ஒரே நாளில் 9,429 ஆனது.

இவை வெறும் எண்ணாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். சான்றிதழில் கொரோனா என்று இல்லாமல் சர்க்கரை, இதயநோய், நிமோனியா என்று எழுதப்பட்ட வீடுகளுக்கு, பின்னால் உச்ச நீதிமன்றம் தலையிட்டு வந்த 50,000 ரூபாய் வாங்குவதே பெரும் பாடாக இருந்தது. கணவனைப் பறிகொடுத்தவள் அவன் எதனால் செத்தான் என்று அலுவலகம் அலுவலகமாக நிரூபிக்க வேண்டும். அந்தத் தெருவில் இருப்பவர்கள் அரசை எப்படி நம்புவார்கள்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரசின் எண்ணைப் பொய்யாக்கியது அரசின் இன்னொரு நோட்டுதான். மாநகராட்சியில் யாரோ ஓர் ஊழியர், மேலே என்ன அறிக்கை போகிறது என்று பார்க்காமல், வந்த சாவை வந்தபடி எழுதிக்கொண்டிருந்தார். அரசை நம்பலாமா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் எனக்கும் பதில் இல்லை. எந்த நோட்டு, யார் எழுதியது, தப்பாக எழுதினால் யாருக்குத் தெரியவரும் என்று கேட்டால் கொஞ்சம் வழி கிடைக்கிறது.

இனி விவேக். 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், எல்லோரும் பார்க்கட்டும் என்றே கேமராக்களுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் காலை மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி விடிவதற்குள் போய்விட்டார். இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று முழுக்க அடைபட்டிருந்தது. அடைப்புக்குக் காரணமான கொழுப்புப் படிவு ஓர் இரவில் சேர்வதல்ல, பல வருடச் சேமிப்பு. ஆனால் அதன் மேல் கடைசியாக விழும் ரத்தக் கட்டி நிமிடங்களில் விழக்கூடியது. ஆகவே ஊசிக்குப் பங்கு உண்டா என்பது விசாரிக்க வேண்டிய கேள்விதான். விசாரித்தார்கள். ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, தொடர்பில்லை என்று அக்டோபரில் சொன்னது.

நம் அதிகாரிகளோ ஏப்ரல் 16 அன்றே, அவர் மருத்துவமனையில் கிடக்கும்போதே, தொடர்பில்லை என்று மைக் முன்னால் சொல்லிவிட்டார்கள். விடை சரி, வழிமுறை எழுதவில்லை. கணக்கு வாத்தியார் அதற்கு மதிப்பெண் போடுவாரா? “இப்போதைக்கு அப்படித் தெரியவில்லை, விசாரித்து முடிவை வெளியிடுகிறோம்” என்று சொல்லியிருந்தால், அக்டோபரில் வந்த முடிவை நாலு பேர் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள். அது வந்ததே பலருக்குத் தெரியாது. வாட்ஸப்பில் ஏப்ரல் மட்டும்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்களே, அந்தத் தகரத்துக்குப் பயந்தே காய்ச்சலை மறைத்தவர்களை எனக்குத் தெரியும். அப்போது தூசி தட்டி எடுத்த கொள்ளைநோய்ச் சட்டம் 1897இல் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் போட்டது. அந்த வருடம் பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டதில் ஊர் கொதித்து, பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். நோயாளியைக் குற்றவாளி மாதிரி நடத்தினால் அவன் ஒளிந்துகொள்வான் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

நானும் யோக்கியன் இல்லை. விவேக் செய்தி வந்த வாரம் என் அம்மாவுக்குப் போட வேண்டிய ஊசியைத் தள்ளிப்போட்டேன். ஊருக்கெல்லாம் போடச் சொல்லி எழுதிக்கொண்டே. மே மாதம் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாமல் கேட்டபோது போய் நின்றால் ஸ்டாக் இல்லை. ஜூனில் விடியற்காலை ஐந்து மணிக்கு டோக்கன் வரிசையில் நின்றுதான் போட்டோம். அந்த ஆறு வாரம் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும்.

உங்கள் அப்பாவிடம் அரசை நம்பச் சொல்லாதீர்கள். ஒரு கணக்கு கொடுங்கள். விவேக் இறந்த அதே நாட்களில், 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, தமிழ்நாடு காவல்துறையில் கொரோனாவுக்குப் பலியானவர்களைச் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தினர் எண்ணினார்கள். மொத்தம் 1,17,524 போலீஸ்காரர்கள். ஊசியே போடாத 17,059 பேரில் இறந்தவர்கள் 20. ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7. இரண்டும் போட்ட 67,673 பேரில் 4. போலீஸ்காரர் சாவை மறைப்பது சுலபமில்லை. பணிப் பதிவேடு இருக்கிறது, குடும்ப ஓய்வூதியம் இருக்கிறது, வாரிசு வேலை கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவரே வகுத்துப் பார்க்கட்டும். ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள்தானே ஊசி போடாமல் இருந்திருப்பார்கள், அவர்கள் அதிகம் செத்ததில் என்ன அதிசயம் என்று அவர் திருப்பிக் கேட்கலாம். நல்ல கேள்வி. கேட்டால் எனக்கு எழுதுங்கள், தனியாகப் பேசுவோம்.