ஆறு லட்ச ரூபாய் ஸ்பீக்கரில் ‘கும்’ எங்கே போயிற்று?

கேள்வி: எனக்கு 52 வயது. வீட்டில் ஒரு 5.1 ஹோம் தியேட்டரில்தான் பத்து வருடமாகப் பாட்டுக் கேட்கிறேன். போன மாதம் நண்பர் ஒருவர் சென்னையில் ஒரு ஆடியோ கடைக்கு அழைத்துப் போனார். ஜோடி ஆறு லட்சம் என்று சொல்லி இரண்டு ஸ்பீக்கர்களைப் போட்டுக் காட்டினார்கள். கூட இருந்தவர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். எனக்கோ பேஸ் (அடியில் ஒலிக்கும் கனமான ஒலி) குறைவாக, சப்பென்று இருந்தது. பிடித்த பழைய பாட்டுகளைப் போடச் சொன்னேன். அவற்றில் இரைச்சல்தான் தூக்கலாகத் தெரிந்தது. என் காது மந்தமாகிவிட்டதா? ஒன்றரை லட்சம் வரை செலவழிக்கலாம் என்றிருந்தேன். மறுபடி போய்க் கேட்கலாமா, இதோடு விட்டுவிடலாமா? (கோவை வாசகர்)

பதில்: மறுபடி போங்கள். மந்தமான காதுக்கு இரைச்சல் தூக்கலாகத் தெரியாது. பேஸ் விஷயத்திலும் நீங்கள் கேட்டது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அது ஏன் என்பதுதான் கேள்வி.

உங்கள் ஹோம் தியேட்டரில் சுற்றி இருக்கும் குட்டி ஸ்பீக்கர்களால் கனமான ஒலியைத் தர முடியாது. அதனால் கீழ் ஸ்தாயி முழுவதையும் சப்வூஃபர் என்ற தனி பேஸ் பெட்டியிடம் தள்ளிவிடுகிறார்கள். விலை குறைந்த சப்வூஃபர் பெட்டி ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் நன்றாக அதிரும்படி இருக்கும். தவில் வந்தாலும் பேஸ் கிட்டார் வந்தாலும் வாசலில் லாரி போனாலும் ஒரே ‘கும்’. பத்து வருடம் அதையே கேட்டால் அதுதான் பேஸ் என்று காது முடிவு கட்டிவிடும். ஓட்டல் குருமாவுக்குப் பழகிய நாக்குக்கு வீட்டுக் கூட்டு சப்பென்று இருப்பது போலத்தான்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல தனி ஆவர்த்தனப் பதிவு போதும், அதாவது கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி. மிருதங்கக்காரர் தொப்பி எனும் இடது பக்கத்தில் தட்டிவிட்டு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தித் தேய்ப்பார். அப்போது அந்த நாதம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். கும்கி என்பது அதுதான். வீட்டு சப்வூஃபரில் அது ஏறுகிறதா, வெறும் ‘கும்’மோடு நிற்கிறதா என்று கேளுங்கள். வலந்தலை எனும் வலது பக்கம் இன்னும் கடினமான பரீட்சை. அதன் நடுவில் உள்ள கறுப்புக் கரணைதான் தோலின் மேல்நாதங்களை (அடிப்படை நாதத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகளை) தந்தி வாத்தியத்தில் போல ஒழுங்கான விகிதத்தில் வரவைக்கிறது. சி.வி. ராமன் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். அதாவது மிருதங்கம் சுருதி பேசும் வாத்தியம். நல்ல ஸ்பீக்கரில் ஒவ்வொரு தட்டும் தம்புராவோடு சேர்ந்து நிற்பது கேட்கும். சுமாரானதில் தட்டும் சத்தம் மட்டும் மிஞ்சும்.

சரி, கடைக்காரர் மேல் தவறே இருக்க முடியாதா? தாராளமாக இருக்கலாம். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் மாறிப்போனால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். என் வீட்டில் நானே இப்படி மாற்றிக் கொடுத்துவிட்டு, மூன்று வாரம் “என்ன ஒரு விசாலமான ஒலி!” என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டுகளில் 1960-களைச் சேர்ந்தவை இருக்கும் இல்லையா? அவை பெரும்பாலும் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவதால், நடுவில் உட்கார்ந்து கேட்டால் பாடகரின் குரல் இரண்டுக்கும் நட்டநடுவே, எதுவுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு புள்ளியாக வர வேண்டும். குரல் அறை முழுக்கக் கலைந்து, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் இருந்தால் ஒயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள் என்பதும் முக்கியம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 12 அடி நீள அறையில் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது நொடிக்கு 47 முறை அதிரும் பேஸ், இரண்டு சுவர்களுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். சுவரோரம் அது குவியும், அறை நடுவில் கிட்டத்தட்ட இல்லாமலே போகும். நம் செங்கல், கான்கிரீட் சுவர்கள் பேஸை வெளியே விடுவதும் இல்லை. நண்பர்கள் பின்சுவரை ஒட்டிய சோபாவிலும் நீங்கள் நடுவில் போட்ட நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தால், ஒரே பாட்டில் அவர்கள் கேட்ட பேஸ் வேறு, நீங்கள் கேட்டது வேறு.

பழைய பாட்டின் இரைச்சல் ஒலிநாடாவில் பதிவானபோதே ஏறியது. உங்கள் வீட்டுக் குட்டி ஸ்பீக்கர்கள் அதை மழுப்பி மறைத்துவந்தன. இதில் ஆறு லட்சம் என்ன, அறுபது லட்சம் கொடுத்தாலும் வழியில்லை. கொஞ்ச நேரத்தில் காது இரைச்சலை ஒதுக்கிவிட்டுப் பின்னாலிருக்கும் வயலின்களைப் பிடிக்கத் தொடங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடையில் யாரும் கொடுப்பதில்லை.

வயதைப் பற்றி: ஐம்பதைத் தாண்டினால் காதில் முதலில் குறைவது மிக உயர்ந்த அதிர்வெண்கள்தான். பியானோவின் கடைசிக் கட்டையே 4186 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே இருப்பது பெரும்பாலும் ஜாலராவின் பளபளப்பும் தம்புராவின் ரீங்காரமும். அதில் கொஞ்சம் போனாலும் பாட்டு போகாது. ஒரு காதில் மட்டும் குறைவாகக் கேட்டாலோ, ‘கொய்ங்’ என்று ஒலித்துக்கொண்டே இருந்தாலோ மட்டும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

தலையாட்டியவர்களைப் பார்த்துக் கூச்சப்படவும் வேண்டாம். ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆராய்ச்சியாளர், எது ஓடுகிறது என்று தெரியாதபடி ஸ்பீக்கர்களைக் கேட்க வைத்து ஓர் ஆய்வு செய்து 2003-இல் வெளியிட்டார். ஒலியை மதிப்பிடப் பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஸ்பீக்கர்களை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் மதிப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் தீர்ப்பு ஆடாமல் இருந்தது, அதுதான் பெரிய வித்தியாசம். இன்னொன்று, கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்டால் தீர்ப்பு மாறும் என்பதும் இத்தகைய சோதனைகளில் தெரிந்த விஷயம். விலையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை.

அடுத்த முறை தனியாகப் போங்கள், விலையைக் கடைசியில் கேளுங்கள். அவர்கள் போடும் பாட்டு வேண்டாம். ஒரு பெண் குரல், ஒரு கிட்டார் என்று எதில் போட்டாலும் அழகாக ஒலிக்கும் பாட்டாகப் பொறுக்கி வைத்திருப்பார்கள். உங்களுக்கு மனப்பாடமான ஐந்து பாட்டுகளைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள், குறுந்தகட்டிலிருந்து எடுத்த சுருக்காத கோப்புகளாக. ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் டெசிபெல் செயலியே இதற்குப் போதும். ஒரு டெசிபெல் கூடினாலும் அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும், இது விற்பவர்களுக்கும் தெரியும். ஒரு ஜோடியோடு அரை மணி நேரமாவது உட்காருங்கள். முடிவை அங்கே எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து அதே ஐந்து பாட்டுகளை உங்கள் ஹோம் தியேட்டரில் போடுங்கள். கடையில் பிடிபடாத வித்தியாசம் பலருக்கும் அப்போதுதான் உறைக்கிறது.

ஒன்றரை லட்சம் தாராளமான தொகை. பெரும்பகுதியைப் புத்தக அலமாரி அளவு ஸ்பீக்கர் ஒரு ஜோடிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒதுக்குங்கள். ஸ்டாண்டு, கனமான திரை, டைல்ஸ் தரைக்கு ஒரு ஜமுக்காளம் மூன்றையும் மறக்காதீர்கள். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஒயரை மட்டும் வாங்காதீர்கள், எவ்வளவு இனிக்கப் பேசினாலும்.

அதெல்லாம் அப்புறம். இந்த ஞாயிற்றுக்கிழமை சோபாவைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுங்கள், சப்வூஃபர் மூலையில் இருந்தால் வெளியே கொண்டுவந்து அதன் வால்யூமைப் பாதியாகக் குறையுங்கள், கூடவே மின்விசிறியையும் நிறுத்திவிட்டு அந்தத் தனி ஆவர்த்தனத்தை ஒருமுறை போடுங்கள்.