800 பாகைச் சூட்டில் கண்ணாடி தாங்குமா?

கேள்வி: உயர் வெப்ப எரிபொருள் கலத்தில் வாயு கசியாமல் இருக்கக் கண்ணாடியால் அடைக்கிறார்களாமே, சூட்டுக்கு அது வெடிக்காதா? (உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி)

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. எரிபொருள் கலம் என்பது ஐதரசனையும் காற்றிலுள்ள ஒட்சிசனையும் கொண்டு மின் உண்டாக்குகிற கருவி. அதன் ஒரு பக்கம் ஐதரசன், மறுபக்கம் காற்று. இரண்டும் கலந்தால் அந்த இடத்திலேயே எரிந்து கலம் பிளந்துவிடும். 700, 800 பாகை செல்சியஸில் இறப்பர் வாஷர் கருகிப்போகும், உலோகத்தால் ஒட்டினால் அடுக்கிய கலங்கள் ஷோர்ட் ஆகும். கண்ணாடியோ மின்னைக் கடத்தாது, உருகும்போது இரண்டு பக்கத்திலும் படிந்து ஒட்டிக்கொள்ளும்.

வெடிப்பது விரிவு பொருந்தாவிட்டால்தான். நீங்கள் படிக்கிற விரிகைத்திறனை வைத்தே கணக்குப் பார்க்கலாம்: கலத்திலுள்ள 10 சென்ரிமீற்றர் சிர்க்கோனியா என்கிற மட்பாண்டத் தகடு 800 பாகை சூடேறும்போது சுமார் 0.84 மில்லிமீற்றர் நீளும், அதோடு வைக்கிற குரோமிய உருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் ஆய்வுகூட முகவையின் போரோசிலிக்கேற்றுக் கண்ணாடி 0.26 மட்டும்தான். அது உடனே விட்டுப்போகும். ஜன்னல் கண்ணாடியின் விரிவு ஓரளவு கிட்ட வந்தாலும் அதிலுள்ள சோடியம் சூட்டில் ஆவியாகிக் காற்றுப்பக்க மின்வாயைக் கெடுக்கும்.

அதனால்தான் பேரியம் கலந்த சிலிக்கேற்றுக் கண்ணாடிகளை அதிகம் பயன்படுத்துகிறார்கள். கொஞ்சம் பளிங்காகி உறுதியாகும், விரிவும் பொருந்தும். ஆனால் எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது இதற்கு அப்புறம் வருவதுதான்: காற்றுப்படுகிற ஓரத்தில் அந்தப் பேரியமும் உருக்கிலுள்ள குரோமியமும் சேர்ந்து பேரியம் குரோமேற்று உண்டாகும், அது சிர்க்கோனியாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும், ஆகவே கலத்தை அணைத்து ஆறவிட்டுத் திரும்பச் சூடாக்குகிற ஒவ்வொரு முறையும் ஒட்டு கொஞ்சம் கொஞ்சமாய் உரிந்து வரும். உருக்கில் அலுமினாப் படலம் பூசுவது, பேரியத்தைக் குறைப்பது என்று பல வழி பார்க்கிறார்கள். முழுக்கப் பளிங்காகாத கண்ணாடியை வைத்தால், விரிசல் விழுந்தாலும் சூட்டில் இளகித் தானே மூடிக்கொள்ளும். எனக்கு இந்த வழியில் நம்பிக்கை அதிகம், ஆனால் அந்த இளக்கம் வாயு அமுக்கத்துக்கு வழிந்தோடாத அளவில் இருக்க வேண்டும்.

கேள்வி: இதைப் படிக்க எங்கே போகலாம்? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: தம்பி, பொருள் விஞ்ஞானத்துக்கென்றே தனித்துறை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அடிப்படை இரசாயனமும் பௌதிகமும் வேண்டுமென்றால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ விஞ்ஞான பீடத்தில் தொடங்கலாம்.