பூட் ஆனவுடன் சாவி உருவாக்கும் கருவிகள்: ரேண்டம் எண் எங்கிருந்து வர வேண்டும்?

கேள்வி: பம்ப்செட்டுகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் கேட்வே பெட்டி தயாரிக்கிறோம். ஏஎம்335எக்ஸ் சிப், பில்ட்ரூட்டில் கட்டிய லினக்ஸ் 4.19, ரீட்-ஒன்லி ரூட். முதல் பூட்டில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழையும் வழி) சாவியை உருவாக்கி டேட்டா பார்ட்டிஷனில் வைக்கிறோம். நெட்வொர்க் கேபிள் இல்லாமல் பூட் செய்தால் எஸ்எஸ்எச் எழுவதற்குச் சில நிமிடங்கள் ஆயின. கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) ரேண்டம் பொருள் ஊட்டும் ஆர்என்ஜிடி புரோகிராமுக்கு, கர்னலே ரேண்டம் எண் தரும் கோப்பான யுரேண்டமையே மூலமாகக் கொடுத்தால் சரியாகும் என்று படித்து அப்படியே செய்தோம். இப்போது உடனே எழுகிறது. இது சரியான தீர்வா? கூடவே போகும் இஎஸ்பி32 சென்சார்களில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: சரியான தீர்வு இல்லை. முதல் வேலையாக அந்த வரியை ஸ்டார்ட்-அப் ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அந்த வரி என்ன செய்கிறது என்று பாருங்கள். கர்னலிடம் ரேண்டம் எண் கேட்கும் கெட்ரேண்டம் அழைப்பு காத்திருந்ததற்குக் காரணம், கர்னலிடம் இன்னும் யாராலும் ஊகிக்க முடியாத பொருள் (என்ட்ரோபி) சேரவில்லை என்பதுதான். இன்டரப்ட்டுகள் (ஹார்டுவேர் சிபியுவைக் கூப்பிடும் சிக்னல்கள்) வரும் நேர வித்தியாசங்களிலிருந்து கர்னல் அதைச் சிறுகச் சிறுகச் சேர்க்கிறது. விசைப்பலகை, சுழலும் டிஸ்க் எதுவும் இல்லாத பெட்டியில், நெட்வொர்க் கேபிளும் இல்லையென்றால், இன்டரப்ட் எங்கிருந்து வரும்? அதனால்தான் காத்திருப்பு. ஆர்என்ஜிடி இப்போது கர்னல் கொடுத்த வெளியீட்டையே எடுத்து, "புது என்ட்ரோபி கொண்டுவந்திருக்கிறேன், கணக்கில் வை" என்று கர்னலிடமே திருப்பிக் கொடுக்கிறது. கணக்கு நிறைகிறது, உள்ளே புதிதாக எதுவும் சேரவில்லை. ஆர்என்ஜிடி தனக்கு வரும் தரவைச் சோதித்துப் பார்க்குமே என்று கேட்கலாம். சோதிக்கிறதுதான். ஆனால் யுரேண்டமின் வெளியீடு, விதை (ரேண்டம் எண் கணக்கின் தொடக்க மதிப்பு) எவ்வளவு பலவீனமாக இருந்தாலும், புள்ளியியல் சோதனைகளில் அழகாகத் தேறிவிடும். இந்தச் சோதனைகளால் உடைந்த ஹார்டுவேரைப் பிடிக்க முடியும். தெரிந்த விதையிலிருந்து வந்த எண்ணைப் பிடிக்க முடியாது.

இதன் விளைவு 2012-இல் வெளிச்சத்துக்கு வந்தது. நாடியா ஹெனிங்கர் உள்ளிட்ட நால்வர் குழு இணையம் முழுவதும் டிஎல்எஸ் (இணைய இணைப்பை மறையாக்கும் முறை), எஸ்எஸ்எச் சாவிகளைத் திரட்டி ஆராய்ந்தது. சுமார் 0.5 சதவீத டிஎல்எஸ் கருவிகளின் ஆர்எஸ்ஏ ரகசியச் சாவியை அவர்களால் கணக்கிட்டே எடுக்க முடிந்தது. பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் போன்ற எம்பெடெட் பெட்டிகள். கணக்கும் பள்ளிக்கூடக் கணக்குதான். ஆர்எஸ்ஏ பொதுச் சாவியில் இருப்பது இரண்டு ரகசியப் பகா எண்களின் பெருக்கல். ஒரு பெட்டியின் பொதுச் சாவியில் 187 என்ற எண், இன்னொன்றில் 253 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி பார்த்தால் 11. உடனே 187 = 11 × 17, 253 = 11 × 23 என்று இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் உடைந்துவிடும். நிஜ எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்டவை என்றாலும், பொதுக் காரணி பார்ப்பது கணினிக்கு நொடியில் முடிகிற வேலை.

இரண்டு பெட்டிகளுக்கு எப்படி ஒரே பகா எண் கிடைத்தது? ஒரே இமேஜ், ஒரே சிப், ஒரே வரிசையில் பூட். முதல் பகா எண்ணை உருவாக்கும்போது இரண்டின் உள்நிலையும் ஒன்றே. அதற்குள் ஒன்றின் கடிகாரத்தில் ஒரு நொடி மாறியது. அந்த நேரமும் கலவையில் சேர, இரண்டாவது பகா எண் வேறாகிவிட்டது. சாவிகள் முழுக்க ஒன்றாக இருந்திருந்தால்கூட யாராவது கவனித்திருப்பார்கள். பாதி ஒன்றாக இருந்ததால் வெளியே தெரியவில்லை.

இனி செய்ய வேண்டியது. உங்கள் சிப்பிலேயே ரேண்டம் எண் தரும் ஹார்டுவேர் இருக்கிறது. ஏஎம்335எக்ஸுக்கு லினக்ஸில் ஓமேப்-ஆர்என்ஜி என்ற டிரைவர் உண்டு. கர்னல் கான்ஃபிகில் அதை மாட்யூலாக வைக்காமல் கர்னலுக்குள்ளேயே கட்டுங்கள். மாட்யூல் என்றால் ஏறுவதற்குள் உங்கள் சாவி ஸ்கிரிப்ட் ஓடிவிட வாய்ப்பு இருக்கிறது. பூட் ஆனதும் அந்த ஹார்டுவேருக்கான எச்டபிள்யூஆர்என்ஜி சாதனக் கோப்பு வந்திருக்கிறதா, சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னலின் நிலையைக் காட்டும் கோப்புகள்) ஆர்என்ஜி-கரன்ட் எந்த டிரைவரைக் காட்டுகிறது என்று பாருங்கள். டிரைவர் தன் தரத்தைச் சுழியம் என்று அறிவித்திருந்தால், 4.19 போன்ற பழைய கர்னல் தானாக அதிலிருந்து எடுக்காது. அப்போது ஆர்என்ஜிடியை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூலம் எச்டபிள்யூஆர்என்ஜி ஆக இருக்கட்டும். அந்தப் புரோகிராம் எழுதப்பட்டதே இதற்குத்தான். கர்னல் பதிவில் "சிஆர்என்ஜி இனிட் டன்" (கர்னலின் ரேண்டம் எண் தயார்) என்ற வரி எத்தனையாவது நொடியில் வருகிறது என்று மாற்றத்துக்கு முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். கேபிள் இல்லாமலும் அது சீக்கிரம் வர வேண்டும்.

ஹார்டுவேர் இருந்தாலும் விதைக் கோப்பை (அடுத்த பூட்டுக்காகச் சேமித்து வைக்கும் விதை) விட்டுவிடாதீர்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று காக்கும். இங்கே மூன்று இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். பழைய ஸ்கிரிப்டுகள் சேமித்த விதையை யுரேண்டமுக்குள் சும்மா எழுதிவிடும். அது கலக்கப்படும், ஆனால் கணக்கில் ஏறாது. கெட்ரேண்டம் காத்துக்கொண்டேதான் இருக்கும். பிஸிபாக்ஸ் (சிறு லினக்ஸ் கருவிகளின் தொகுப்பு) 1.36 முதல் வரும் சீட்ஆர்என்ஜி இதை முறையாகச் செய்கிறது, கணக்கிலும் ஏற்றுகிறது. அடுத்தது, புது விதையை ஷட்டவுனில் எழுதலாம் என்று நினைப்பது. உங்கள் பெட்டிக்கு ஷட்டவுன் என்று ஒன்று நடக்கவே நடக்காது. கரண்ட் போகும், வரும், அவ்வளவுதான். பூட்டிலேயே பழைய விதையைப் படித்தவுடன் புதியதை எழுதி, ஃபிளாஷில் இறங்கியதை உறுதி செய்த பிறகே கணக்கில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் அடிக்கடி போகும் நாளில் ஒரே விதை திரும்பத் திரும்பப் பயன்படும். சில பத்து பைட்டுகள் பூட்டுக்கு ஒருமுறை எழுதுவதால் ஃபிளாஷ் தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது: மாஸ்டர் இமேஜ். மேஜையில் ஒரு போர்டை ஓட்டிப் பார்த்துவிட்டு அதன் ஃபிளாஷை அப்படியே நகலெடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவது நம் ஊரில் சாதாரணம். அந்த நகலில் விதைக் கோப்பும் எஸ்எஸ்எச் சாவியும் இருந்தால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி. இமேஜிலிருந்து இரண்டையும் நீக்குங்கள். பதிலாக, ஒவ்வொரு போர்டையும் ஃபிளாஷ் செய்யும்போது, அதைச் செய்யும் கணினி 32 பைட் புதிய விதை உருவாக்கி அந்தப் போர்டின் டேட்டா பார்ட்டிஷனில் மட்டும் எழுதட்டும், தன்னிடம் நகல் வைக்காமல். சீரியல் எண், மேக் முகவரி இவற்றை விதையாக்க நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் வேறு என்பது உண்மைதான், ஆனால் பெட்டியின் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருப்பதை ரகசியம் என்று சொல்ல முடியாது.

கர்னலை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். 5.4-இலிருந்து, யாராவது கெட்ரேண்டமில் காத்திருந்தால், கர்னலே சிபியுவின் நேர நடுக்கத்திலிருந்து பொருள் சேர்க்க முயல்கிறது. ஆனால் வேகமான கவுன்டர் இல்லாத சிப்பில் அது முயற்சியைக் கைவிட்டுவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இஎஸ்பி32-க்கு வருவோம். அதன் ரேண்டம் எண் ஹார்டுவேருக்கு உண்மையான இரைச்சல், வைஃபையோ புளூடூத்தோ இயங்கும்போதுதான் கிடைக்கும். ஆப் தொடங்கியவுடன், ரேடியோவை எழுப்பாமல் இஎஸ்பி-ரேண்டமை அழைத்துச் சாவி உருவாக்கினால், வருவது போலி ரேண்டம் என்றே கொள்ள வேண்டும். ஆக, வைஃபை தொடங்கிய பிறகு சாவியை உருவாக்குங்கள். முன்னாடியே வேண்டுமென்றால் பூட்லோடர்-ரேண்டம்-எனேபிள் என்ற ஃபங்ஷன் ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக்கும் பகுதி) இரைச்சலை மூலமாகத் தரும். ஏடிசியையோ வைஃபையையோ பயன்படுத்தும் முன் அதை அணைத்துவிட வேண்டும். ஆர்டுயினோ பழக்கத்தில், எதிலும் இணைக்காத அனலாக் பின்னைப் படித்து விதையாக்கும் வரி சென்சார் கோடில் எங்காவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். இஎஸ்பி32-இல் அங்கே வழக்கமாகக் கிடைப்பது 12 பிட் எண். ஆக மொத்தம் 4096 விதைகள்தான். தாக்குபவர் எல்லாவற்றையும் கண் இமைக்கும் நேரத்தில் முயன்று பார்ப்பார். எல்இடி மினுக்க அது போதும், சாவிக்கு ஆகாது.

ஏற்கெனவே விற்ற பெட்டிகள்? அவற்றின் சாவிகளை நம்ப வேண்டாம். எல்லாவற்றின் விரல்ரேகைகளையும் (சாவியின் சுருக்க அடையாளம்) எடுத்து ஒப்பிட்டு, இரட்டை எதுவும் இல்லை என்று நிம்மதி அடையவும் கூடாது. மேலே சொன்ன பாதிச் சாவிப் பிரச்சினை அதில் தெரியாது. சரியான மூலத்தோடு ஃபர்ம்வேர் அப்டேட் அனுப்புங்கள். அந்த அப்டேட்டுக்குப் பிந்தைய முதல் பூட்டில், "சிஆர்என்ஜி இனிட் டன்" ஆனபின், பழைய எஸ்எஸ்எச் சாவியையும் டிஎல்எஸ் சான்றிதழ் இருந்தால் அதையும் அழித்துப் புதிதாக உருவாக்கச் செய்யுங்கள். உள்ளே நுழையும்போது சாவி மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வரும் என்பதால், பராமரிப்பு ஆட்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து, புது விரல்ரேகையைச் சரிபார்க்க வழி செய்துவிடுங்கள்.