ஃப்ளாப் 15இல் இறங்கும்போது ஒலிக்கும் எச்சரிக்கை

போயிங் 737 சிமுலேட்டரில் ஒற்றை எஞ்சினுடன், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் நீட்டப்படும் மடல்) 15ஆம் நிலையில் இருக்க, இறங்கும்போது நீங்கள் கேட்கும் “டூ லோ, ஃப்ளாப்ஸ்” குரல் பழுதன்று. துணை விமானியின் பக்கம் மூடியிட்டிருக்கும் ‘ஃப்ளாப் இன்ஹிபிட்’ (ஃப்ளாப் எச்சரிக்கையை அடக்கும்) சுவிட்சை இயக்காததே பெரும்பாலும் காரணம்.

வழக்கமான தரையிறக்கம் ஃப்ளாப் 30 அல்லது 40இல் என்பதால், வேகம் குறைந்து, ரேடியோ ஆல்டிமீட்டர் அளக்கும் உயரம் 245 அடிக்குக் கீழ் வந்த பிறகும் ஃப்ளாப் அந்நிலையை எட்டாவிட்டால், விமானி மறந்துவிட்டார் என்றே தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி கொள்கிறது.

ஃப்ளாப் 30இல் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். அப்போதும் குரல் வந்தால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம்.

அருகிலுள்ள ‘டெரெய்ன் இன்ஹிபிட்’ சுவிட்சை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். ரேடியோ ஆல்டிமீட்டர் நேர்கீழே உள்ள தரையை மட்டுமே அளக்கும்; எதிரே வரும் மலையை நிலப்பரப்புத் தரவுகளைக் கொண்டு முன்கூட்டியே உணர்த்தும் பாதுகாப்பை இந்தச் சுவிட்ச் நிறுத்திவிடும்.